பேச்சைக் காப்பதும் பெற்றவர்களை வரவிடுவதும்

குழந்தைகள் நலக் குழுவின் ஆணையோடு ஒரு பிள்ளை உங்கள் வீட்டுக்கு வரும்போது இரண்டு பொறுப்புகள் சேர்ந்தே வருகின்றன. பிள்ளை யார், எந்த ஊர், ஏன் வந்தது என்பதெல்லாம் உங்களைத் தாண்டி வெளியே போகக் கூடாது என்பது ஒன்று. பெற்ற தாய் தகப்பன் அந்தப் பிள்ளையைப் பார்க்கவும் பேசவும் நீங்கள் இடம் கொடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதல் பொறுப்பு கதவைச் சாத்தச் சொல்வது போலவும் இரண்டாவது திறக்கச் சொல்வது போலவும் தோன்றும். அதனால் முதலாவதை முழு மனதோடும் இரண்டாவதை வேண்டா வெறுப்போடும் செய்யும் பழக்கம் எளிதில் வந்துவிடுகிறது. நாள் போகப் போக முதலாவதே இரண்டாவதைத் தட்டிக்கழிக்கும் சாக்காகவும் ஆகிவிடும். “புள்ளையோட பாதுகாப்புக்காகத்தான் விவரம் எதுவும் சொல்றதில்ல” என்று பெற்ற தாயிடமே சொல்லும் நிலை அப்படித்தான் வருகிறது. இந்த அத்தியாயத்தின் வாதம் வேறு. வளர்ப்பவர் காக்கும் ரகசியத்தில் பெற்றவர்களுக்கும் பங்கு உண்டு. பிள்ளை ஒருநாள் தன் வீட்டுக்குத் திரும்பிப் போகும்போது அந்த வீட்டின் மானம் தெருவில் இறைந்து கிடக்கக் கூடாது என்பதற்காகவும்தான் அது காக்கப்படுகிறது. அப்படிப் பார்த்தால் வாயைக் காப்பதும் சந்திப்புக்கு வழிவிடுவதும் ஒரே வேலையின் இரண்டு பகுதிகள் ஆகின்றன. யாரிடம் எதைச் சொல்வது என்ற அன்றாடக் குழப்பத்தில் பாதியும் தீர்கிறது.

சட்டத்திலிருந்து தொடங்குவோம். இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015 வளர்ப்புப் பராமரிப்பைத் தத்தெடுப்பிலிருந்து தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. தத்து கொடுத்துவிட்டால் பெற்ற குடும்பத்தோடு இருந்த சட்ட உறவு முடிந்தது. வளர்ப்புப் பராமரிப்பில் அப்படி எதுவும் முடிவதில்லை. பிள்ளையின் சாப்பாடு, படிப்பு, உடல்நலம் உங்கள் பொறுப்பில் இருக்கிறது, பிள்ளை உங்களுடையதாக ஆகிவிடுவதில்லை. பெற்றோர் தகுதியற்றவர்கள் அல்லது இயலாதவர்கள் என்று குழு கண்டதால் அனுப்பப்பட்ட பிள்ளையை, அந்தப் பெற்றோர் வளர்ப்புக் குடும்பத்தில் அவ்வப்போது முறையாக வந்து பார்க்கலாம் என்கிறது 44ஆம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு. அந்தச் சந்திப்பு பிள்ளையின் நலனுக்கு ஆகாது என்று குழு கருதினால் தடுக்கலாம், ஆனால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். பெற்றோர் மறுபடி தகுதி அடைந்ததாகக் குழு முடிவு செய்தால் பிள்ளை அவர்களிடமே திரும்பலாம் என்பதும் அதே உட்பிரிவில்தான் வருகிறது. அதாவது சந்திப்பு நடப்பதற்கு யாரும் காரணம் சொல்லத் தேவையில்லை, நடக்காமல் இருப்பதற்குத்தான் சொல்ல வேண்டும். சொல்லும் அதிகாரமும் குழுவினுடையது, வளர்ப்பவருடையது ஆகாது. வளர்ப்புப் பராமரிப்பு குறித்துக் குழு எடுத்த முடிவு தவறு என்று நினைக்கிறவர், ஆணை வந்த 30 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று 101ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. இந்த வழி பெற்றவர்களுக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் ஒன்பதாவது உறுப்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பெற்றோரைப் பிரிந்திருக்கும் குழந்தைக்கு அவர்களோடு தொடர்பு வைத்துக்கொள்வதைக் குழந்தையின் உரிமையாகவே அது பேசுகிறது.

ரகசியம் பற்றிய சட்டம் 74ஆம் பிரிவில் இருக்கிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் காட்டிக்கொடுக்கும் வேறு எந்த விவரமும், படமும் வெளியாகக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். செய்தித்தாள், இதழ், தொலைக்காட்சியோடு நிறுத்தாமல் பிற தகவல் தொடர்பு வடிவங்கள் என்றும் அந்தப் பிரிவு சேர்த்திருக்கிறது. இது பத்திரிகைக்காரர்களுக்கான சட்டம், என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவர் வாதாடலாம். அந்த வாதம் நிற்குமா என்று நீதிமன்றத்தில் சோதித்துப் பார்க்கும் ஆளாக நீங்கள் இருக்க வேண்டிய அவசியம் என்ன? 2018 டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம், பாலியல் குற்றத்துக்கு ஆளானவர்களின் பெயரைச் சொல்லாவிட்டாலும் சுற்றிவளைத்து அடையாளம் தெரியும்படி எந்தத் தகவலும் அச்சிலோ மின்னணு ஊடகத்திலோ சமூக ஊடகத்திலோ வரக் கூடாது என்று தீர்ப்பளித்தது. வளர்ப்பவர்கள் நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டியது அந்தச் சுற்றிவளைப்பைத்தான். பெயரை மறைத்துவிட்டோம் என்ற நிம்மதியில், “செங்கல் சூளையிலிருந்து வந்த பையன், அப்பா சேலம் ஜெயில்ல இருக்காரு, தங்கச்சி வேற வீட்ல” என்று வளர்ப்புப் பெற்றோர் குழுவில் ஆலோசனை கேட்டுப் போடும் ஒரு செய்தி போதும். அந்த வட்டாரத்தில் வேலை செய்யும் எவருக்கும் பிள்ளை யாரென்று தெரிந்துவிடும்.

இனி வாதத்தின் மையத்துக்கு வரலாம். ஒரு பிள்ளை வளர்ப்புப் பராமரிப்புக்கு வருவதற்கான காரணங்களில் பெரும்பாலானவை பெற்றவர்களைப் பற்றியவை. குடி, மனநோய், சிறை, விட்டுப்போன கணவன், தீராத நோய், கடன். பிள்ளையின் கதை என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு தாயின் அல்லது தகப்பனின் மோசமான வருடத்தின் கதை. அது தெருமுனைக் கடைக்கு எட்டிவிட்டால் பாதிக்கப்படுவது பிள்ளை மட்டுமா? அடுத்த முறை பார்க்க வரும் தாய், பேருந்து நிறுத்தத்திலிருந்து உங்கள் வீடு வரை எத்தனை பார்வைகளைக் கடந்து வர வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு முறை வருவாள். இரண்டாம் முறை காய்ச்சல் என்பாள். மூன்றாம் முறை போனையும் எடுக்க மாட்டாள். பதிவேட்டில் “தாய் சந்திப்புக்கு வரவில்லை” என்று எழுதப்படும். சில மாதங்கள் கழித்து, பிள்ளையில் அக்கறை இல்லாதவள் என்பதற்கு அந்த வரியே சான்றாக நிற்கும். அவளைத் துரத்தியது ஊர் வாய் என்பதோ, அந்த வாய்க்குச் சங்கதி போனது எந்த வீட்டிலிருந்து என்பதோ எந்தப் படிவத்திலும் ஏறாது.

குறைந்த சந்திப்பு மேலும் குறைந்த சந்திப்புக்குக் காரணமாகிவிடும் இந்தச் சுழலை நீதிமன்றங்களும் கண்டிருக்கின்றன. நார்வேயில் பிறந்த சில வாரங்களிலேயே வளர்ப்புக் குடும்பத்துக்கு அனுப்பப்பட்ட ஒரு குழந்தையின் வழக்கில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு 2019 செப்டம்பரில் தீர்ப்புச் சொன்னது. தாய்க்கு மிகச் சொற்பமான சந்திப்புகளே அனுமதிக்கப்பட்டிருந்தன. அவற்றை வைத்தே அவளது திறன் எடைபோடப்பட்டது. கடைசியில் வளர்ப்புக் குடும்பமே தத்தெடுக்க அரசு அனுமதித்தது. அவ்வளவு அரிதான சந்திப்புகளிலிருந்து ஒரு தாயின் வளர்க்கும் திறனைப் பற்றி உறுதியான முடிவுக்கு வரப் போதிய சான்று கிடைக்காது என்று கூறிய நீதிமன்றம், குடும்ப வாழ்வுக்கான உரிமை மீறப்பட்டதாகத் தீர்த்தது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது, நார்வேயின் நிர்வாக முறையும் நம்முடையது போன்றதல்ல. ஆனால் கொடுக்காத வாய்ப்பைத் தவறவிட்டதாக ஒருவர் மீது குற்றம் சாட்டக் கூடாது என்பதற்குத் தேச எல்லை கிடையாது.

நம் தெருக்களில் வாயை மூடிக்கொண்டு வாழ முடியுமா என்ற கேள்வி நியாயமானது. புதிதாக ஒரு பிள்ளை வீட்டில் தெரிந்தால் பால்காரர் முதல் கோயில் குருக்கள் வரை கேட்பார்கள். பதில் சொல்லாவிட்டால் கேள்வி வளரும். இங்கே பலர் பிடித்துக்கொள்ளும் வழி பொய்: “சொந்தக்காரப் பையன்”, “ஊர்ல எங்க நாத்தனார் பொண்ணு”. பொய்யின் சுமையை அன்றாடம் தூக்க வேண்டியவர் நீங்களல்ல, பிள்ளை. பள்ளியில் “உங்க அத்தையா அவங்க?” என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் அது உங்கள் கதையை நடித்துக் காட்ட வேண்டும், தன் நிஜம் வெட்கப்பட வேண்டியது என்ற பாடமும் கூடவே இலவசமாகக் கிடைக்கும். உண்மையான, ஆனால் குட்டையான பதில் ஒன்று போதும். “எங்க வீட்ல தங்கிப் படிக்கிறான்.” தாத்தா வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ தங்கிப் படித்த பிள்ளைகளை எல்லா ஊரும் பார்த்திருப்பதால் இந்தப் பதிலுக்குப் பிறகு பெரும்பாலான வாய்கள் ஓய்ந்துவிடும். ஓயாதவர்களிடம் “அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுன்னு இருக்குங்க” என்று சொல்லிவிடலாம். ஆனால் அதை ஏதோ பெரிய மர்மம் இருப்பது போன்ற குரலில் சொல்லக் கூடாது. எந்தப் பதிலைச் சொல்வது என்று பிள்ளையோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு பதிலும் பள்ளியில் இன்னொன்றுமாக இருந்தால் அகப்பட்டு விழிப்பது அதுதான். “கவர்மெண்டு எவ்வளவு தருது?” என்ற கேள்வியும் வரும். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் என்பது யாரும் தெரிந்துகொள்ளக்கூடிய பொதுத் தகவல். ஆனால் இந்தப் பிள்ளைக்கு வருகிறதா, எவ்வளவு, எந்தக் கணக்கில் என்பது பொதுத் தகவலில் சேராது.

அசலூர்க்காரர்களைவிடச் சொந்த உறவுகள் கடினம். உங்கள் தாயாருக்கோ அண்ணனுக்கோ தெரிய வேண்டியது, பிள்ளையோடு பழகத் தேவையான அளவுதான்: இருட்டில் பயப்படும், கடலை ஆகாது, திடீரென்று கை ஓங்கினால் ஒடுங்கிவிடும். அந்தக் கை யாருடையதாக இருந்தது என்பது அவர்களுக்குத் தேவையில்லை. இந்த அளவுகோலை எங்கும் பொருத்திப் பார்க்கலாம். மருத்துவருக்கு ஒவ்வாமையும் மருந்தும் பழைய நோயும் தெரிய வேண்டும், தகப்பன் மேல் இருக்கும் வழக்கு தெரிய வேண்டாம். தலைமை ஆசிரியருக்குக் குழுவின் ஆணையும், யார் வந்தால் பிள்ளையை அனுப்பலாம், யார் வந்தால் கூடாது என்பதும் தெரிய வேண்டும். ஆசிரியர்கள் அறை முழுவதற்கும் அது தேவையில்லை. பிள்ளைக்கு எச்ஐவி தொற்று இருந்தால் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம். நம்பிக்கையின் பேரில் அறிந்துகொண்ட ஒருவரின் எச்ஐவி நிலையை உரிய ஒப்புதல் இல்லாமல் வெளியிடுவதை, 2017ஆம் ஆண்டின் எச்ஐவி மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் தடை செய்கிறது. பள்ளிக்கு முன்னெச்சரிக்கையாகச் சொல்லிவைப்போம் என்ற நல்லெண்ணம், பல பிள்ளைகளை வகுப்பின் கடைசி இருக்கைக்குத் தள்ளியிருக்கிறது.

பதிவேடுகளில் ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும்: இனிஷியல். பள்ளியில் சேர்க்கும்போது, கிண்டலைத் தவிர்க்கலாமே என்று வளர்ப்புத் தகப்பனின் முன்னெழுத்தைப் போடும் ஆசை வரும். போடாதீர்கள். பெயரை மாற்றும் உரிமை உங்களுக்கு இல்லை என்பது ஒருபுறம் இருக்க, மாற்றுச் சான்றிதழிலும் சாதிச் சான்றிதழிலும் இரண்டு விதமாகப் பெயர் பதிந்த பிள்ளை பத்தாம் வகுப்பில் படும் அவதி உங்களுக்கே தெரிந்திருக்கும். பெற்றவர்கள் பெயர் இருக்கும் இடத்தில் அது இருக்கட்டும். பாதுகாவலர் என்ற இடத்தில் நீங்கள் இருந்தால் போதும்.

சடங்குகளும் அப்படித்தான். மொட்டை, காதுகுத்து, பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் நீராட்டு என்று நம் வீடுகளில் பிள்ளையைக் கொண்டாடும் வழிகள் எல்லாமே ஊரைக் கூட்டுபவை, படம் பிடிப்பவை, இப்போதெல்லாம் முச்சந்தியில் பிளெக்ஸ் வைப்பவை. வளர்ப்பில் இருக்கும் பெண்ணின் முகத்தைப் பிளெக்ஸில் போடுவது அன்பு மிகுதியால் செய்த அடையாள வெளியீடு, வேறொன்றுமில்லை. அதற்கும் முன்பாக, அந்தச் சடங்கை எப்படிச் செய்வது, செய்வதா வேண்டாமா என்பதில் பெற்ற தாய்க்குச் சொல் உண்டு, அந்தப் பெண்ணுக்கு அதைவிட அதிகமாக உண்டு. காது குத்தும்போது யார் மடியில் உட்கார வேண்டும் என்பதற்கு ஒரு தாய்மாமன் எங்கோ காத்திருக்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மூலம் அவர்களிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு தாய்க்கு, இன்னும் தன்னைக் கேட்கிறார்கள் என்பதே மறுபடி எழுந்து நிற்கக் காரணமாகலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு எதிர்ப்பக்கத்து ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். ரகசியம் என்ற பெயரில் ஒளிக்கக் கூடாதவையும் இருக்கின்றன. குழுவிடமும் மாவட்ட அலகிடமும் மறைக்க உங்களுக்கு எதுவும் இல்லை. மாதாமாதம் ஆய்வு நடக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருப்பதே, மூடிய வீட்டுக்குள் பிள்ளைக்குத் தீங்கு நேரும் வாய்ப்பு உண்டு என்பதால்தான். ஆய்வுக்கு வருபவர் பிள்ளையோடு தனியாகப் பேச இடம் விடுங்கள், கதவோரம் நிற்காதீர்கள். பிள்ளையிடமிருந்து அதன் சொந்தக் கதையை மறைப்பதும் ரகசியக் காப்பு ஆகாது. கேட்டால் வயதுக்கேற்ற உண்மையைச் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால் ஆற்றுப்படுத்துநரோடு சேர்ந்து சொல்லுங்கள். அடுத்தது மிக முக்கியம். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க” என்று ஒரு பிள்ளை உங்கள் கையை நீட்டச் சொன்னால் சத்தியம் செய்யாதீர்கள். அது சொல்லவிருப்பது பாலியல் வன்முறை பற்றியதாக இருந்தால், போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு சிறப்புச் சிறார் காவல் பிரிவிலோ உள்ளூர்க் காவல் நிலையத்திலோ தகவல் தர உங்களைக் கட்டாயப்படுத்துகிறது. தராமல் இருப்பது 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். “உன்னைக் காப்பாத்த வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன், சொல்றதுக்கு முன்னாடி உங்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்” என்பது நீங்கள் காப்பாற்றக்கூடிய வாக்கு. அவசரமென்றால் குழந்தைகள் உதவி எண் 1098. குற்றம் சாட்டப்படுபவர் பெற்றவரானாலும் உங்கள் உறவினரானாலும் நீங்களே விசாரிக்க இறங்காதீர்கள்.

சந்திப்புக்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களில் வலுவானது ஒன்றுதான்: அம்மா வந்து போன அன்று பிள்ளை சாப்பிடுவதில்லை, ராத்திரி படுக்கையை நனைக்கிறது, இரண்டு நாள் எரிந்து விழுகிறது. நிம்மதியாக இருந்த பிள்ளையை ஏன் கலைக்க வேண்டும்? இதே வாதத்தை ஒரு காலத்தில் இங்கிலாந்தின் மருத்துவமனைகள் சொல்லிக்கொண்டிருந்தன. குழந்தைகள் பிரிவில் பெற்றோர் வந்து போனால் குழந்தைகள் அழுகிறார்கள், வராவிட்டால் சமத்தாக இருக்கிறார்கள் என்று பார்வை நேரத்தைக் கடுமையாகச் சுருக்கி வைத்திருந்தார்கள். டாவிஸ்டாக் நிலையத்தில் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியோடு பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன் அந்தச் சமத்தை உட்கார்ந்து கவனித்தார். முதலில் அழுது போராடுவது, பிறகு சோர்ந்து ஒடுங்குவது, கடைசியில் தாய் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான் என்பது போல விலகிவிடுவது என்று அது மூன்று படிகளாக இறங்குவதைக் கண்டார். தாதியர்கள் தேறிவிட்டதாக நினைத்தது மூன்றாவது படியை. இரண்டு வயதுக் குழந்தை ஒன்று மருத்துவமனையில் எட்டு நாள் இருப்பதை 1952இல் அவர் படமாக எடுத்துக் காட்டியபோது மருத்துவர்கள் கோபப்பட்டார்கள். ஆனால் 1959இல், மருத்துவமனையில் குழந்தைகளின் நலனை அங்கே ஆராய்ந்த பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோரைத் தாராளமாக வரவிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று நம் அரசு மருத்துவமனையில்கூடக் குழந்தையின் கட்டிலோரம் தாய் இல்லாவிட்டால்தான் கேள்வி கேட்பார்கள்.

ராபர்ட்சனும் அவர் மனைவி ஜாய்சும் பின்னர் செய்த வேலை நமக்கு இன்னும் நெருக்கமானது. தாய் அடுத்த பிரசவத்துக்கு மருத்துவமனை போயிருந்த நாட்களில் நான்கு சிறு குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தங்கள் வீட்டிலேயே வளர்ப்புப் பெற்றோராக இருந்து பார்த்துக்கொண்டார்கள். தாயைப் பற்றிப் பேசினார்கள், படத்தைக் காட்டினார்கள், தகப்பன் வந்து போக விட்டார்கள், வீட்டுப் பழக்கங்களை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டார்கள். குழந்தைகள் வருந்தினார்கள், ஆனால் உடைந்து போகவில்லை, தாய் வந்ததும் அவளிடம் போய் ஒட்டிக்கொண்டார்கள். அதே காலத்தில் காப்பகம் ஒன்றில் 9 நாள் விடப்பட்ட 17 மாதக் குழந்தையை அவர்கள் படமெடுத்தபோது, அந்தக் குழந்தை கண்ணெதிரே நொறுங்கியது. அழைத்துப் போக வந்த தாயை ஏற்க மறுத்தது. இங்கே ஒரு மறுப்பு வரும்: அவை அன்பான குடும்பங்கள், பிரிவும் குறுகியது, அடி உதையோ பட்டினியோ இல்லை. உண்மைதான். ஆகவே எல்லாச் சந்திப்பும் நல்லது என்று இதிலிருந்து நான் முடிவு கட்டவில்லை. சந்திப்புக்குப் பின் வரும் அழுகை, அது மட்டுமே, சந்திப்பை நிறுத்தக் காரணம் ஆகாது என்பது மட்டும்தான் முடிவு. அழுகையை எழுதி வையுங்கள், மாவட்ட அலகின் அலுவலரிடம் சொல்லுங்கள். பயத்தால் வந்ததா பிரிவால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்கு உங்கள் குறிப்புத்தான் உதவும்: சந்திப்புக்கு முன்பே ஒளிந்துகொண்டதா, தாய் கிளம்பும்போது சேலையைப் பிடித்துக்கொண்டதா? இரண்டும் முற்றிலும் வேறு செய்திகள்.

நடைமுறையில் சந்திப்பு எங்கே, எத்தனை நாளுக்கு ஒருமுறை, யார் உடனிருப்பார் என்பது குழுவின் ஆணையில் எழுதப்பட வேண்டும். எழுதவில்லை என்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். பின்னால் வரும் சண்டைகளில் பாதி இதனால் மிச்சமாகும். சட்டம் வளர்ப்புக் குடும்பத்தில் வந்து பார்ப்பதைப் பற்றிப் பேசினாலும், உங்கள் முகவரி தெரிவது ஆபத்து என்று நம்பக் காரணம் இருந்தால் மாவட்ட அலகின் அலுவலகத்தில் சந்திப்பை வைக்கும்படி கேட்கலாம். நீங்களாகவே முகவரியை மறைத்து, தேடி அலையவிடாதீர்கள். ஆணையைத் தாண்டிய தனி ஏற்பாடு எதுவும் வேண்டாம். “திருவிழாவுக்கு ரெண்டு நாள் கூட்டிட்டுப் போய்ட்டு விட்டுடறேங்க” என்று தகப்பன் கெஞ்சும்போது மறுப்பது கஷ்டம். “எனக்கு ஆட்சேபணை இல்லைங்க, ஆனா ஆர்டர் வேணும், வாங்க சேர்ந்தே கேப்போம்” என்பது மறுப்பும் ஆகாது, விதிமீறலும் ஆகாது. பணம் கொடுக்கவும் வாங்கவும் வேண்டாம். தின்பண்டமும் துணியும் கொண்டு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் பிள்ளை முன்னால் முகம் சுளிக்காதீர்கள். குடித்துவிட்டு வந்தால் அன்றைக்குச் சந்திப்பு இல்லை என்று அமைதியாகச் சொல்லி அனுப்பிவிட்டு, அன்றே அலுவலருக்குத் தெரிவியுங்கள். குறிப்பேட்டில் “வழக்கம்போலக் குடித்துவிட்டு வந்தார்” என்று எழுதாமல், மணி எத்தனை, மது வாடை இருந்தது, நடை தள்ளாடியது, என்ன சொன்னார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள். அந்தக் குறிப்பை நாளை குழு படிக்கும். என்றாவது அந்தப் பிள்ளையும் படிக்கக்கூடும். அதைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள், போனில் வேண்டாம்.

பெற்றவர்களுக்கு எதைச் சொல்லலாம்? பிள்ளை எப்படிச் சாப்பிடுகிறது, பள்ளியில் எப்படி, பல் விழுந்ததா, காய்ச்சல் வந்ததா, எந்தப் பாட்டுக்கு ஆடுகிறது என்பதெல்லாம் தாராளமாகச் சொல்லலாம், சொல்லியாக வேண்டும். ஆற்றுப்படுத்துநரிடம் பிள்ளை தனியாகப் பேசியதையும், உங்கள் வீட்டில் இருக்கும் இன்னொரு வளர்ப்புப் பிள்ளையின் விவரத்தையும், குழு நிறுத்தி வைக்கச் சொன்னதையும் சொல்லக் கூடாது. பிள்ளை உங்களை எப்படி அழைப்பது என்பதை அதன் விருப்பத்துக்கு விடுங்கள். அத்தை, சித்தி, பெரியம்மா என்று நம்மிடம் இடம் ஏராளம். பெற்ற தாய் எதிரே உட்கார்ந்திருக்கும்போது “அம்மா” என்று அழைக்கச் சொல்லிப் பழக்குவதில் யாருக்கு என்ன லாபம்?

பிள்ளையை அப்படி வதைத்த தகப்பனின் மானத்தை நான் ஏன் காக்க வேண்டும் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. கோபம் நியாயமானது. அவர் செய்ததைச் சொல்ல இடங்கள் இருக்கின்றன: காவல் நிலையம், குழு, நீதிமன்றம். அங்கே ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். தெருவில் சொன்னால் அவருக்கு எந்தத் தண்டனையும் கிடைக்காது, “அவனோட மவன்தானே நீ” என்ற பட்டம் பிள்ளைக்குக் கிடைக்கும். தகப்பனின் சந்திப்பைக் குழு நிறுத்தி வைத்திருந்தாலும் பாட்டியும் அக்காவும் இருக்கக்கூடும். உடன்பிறந்தவர்களைச் சேர்த்தே வைக்க எல்லா முயற்சியும் செய்ய வேண்டும் என்று அதே 44ஆம் பிரிவு சொல்கிறது. சேர்த்து வைக்க முடியாதபோது அவர்கள் பேசிக்கொள்ளவாவது நீங்கள் வழி கேட்க வேண்டும்.

இன்னொரு தடை வளர்ப்பவரின் மனத்திலேயே இருக்கிறது, அதைப் பேசாமல் விடுவது நாகரிகமாக இருக்கலாம், நேர்மையாக இருக்காது. பிள்ளை ஒட்டிக்கொண்டுவிட்டால் அனுப்ப மனம் வராது. ஒரே குடும்பத்தில் இரண்டு ஆண்டு வளர்ந்த பிள்ளை, தத்துக்குச் சட்டப்படி உரியதாக அறிவிக்கப்பட்டிருந்தால், அந்தக் குடும்பமே தத்தெடுக்க 2024ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிமுறைகள் இடம் தருகின்றன. முன்பு இதற்கு ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். திரும்பிப் போக வீடே இல்லாத பிள்ளைகளுக்கு இது நல்ல மாற்றம். ஆனால் தாய் வர வர வாய்ப்புக் குறைகிறது, வராவிட்டால் கூடுகிறது என்ற கணக்கு வளர்ப்பவரின் மனத்தில் ஓடத் தொடங்கினால், சந்திப்புக்கு முந்தின நாள் பிள்ளைக்கு வரும் சாதாரணச் சளியும் ரத்துக்குக் காரணமாகிவிடும். சட்டம் மட்டும் இதைப் பிடித்துவிடாது. தத்தெடுக்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் அதை அலுவலரிடம் தொடக்கத்திலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். உங்கள் குறிப்புகளை அதற்கேற்ற எச்சரிக்கையோடு படிக்க அவருக்கு அது தேவை.

பிள்ளை திரும்பிப் போகும் நாளுக்கு ஆயத்தம் முன்கூட்டியே இருக்கட்டும். தடுப்பூசி அட்டை, மருந்துச் சீட்டுகள், மதிப்பெண் அட்டை, வரைந்த படங்கள், பள்ளியில் எடுத்த புகைப்படங்கள் எல்லாம் பிள்ளையோடு போக வேண்டும். உங்கள் குறிப்பேட்டை என்ன செய்வது என்று மாவட்ட அலகைக் கேட்டு ஒப்படையுங்கள். போனில் இருக்கும் படங்களில் எவற்றை நீங்கள் வைத்துக்கொள்ளலாம் என்று பெற்றவர்களைக் கேளுங்கள், மற்றவற்றை அழித்துவிடுங்கள். ஆணை முடிந்ததால் வாய்க்கட்டு முடிந்துவிடவில்லை. “அந்தப் பையன் எங்கங்க, ஏன் போயிட்டான்?” என்று தெருவில் கேட்பார்கள், “அவங்க வீட்டுக்குப் போயிட்டான்” என்பதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. உங்கள் தொலைபேசி எண்ணைத் தாயிடம் எழுதிக் கொடுங்கள், நீங்களாக அழைக்க வேண்டாம்.